மரீசிக்கு அருகில் ஒரு சுழி

சிவமயம்

புத்தூர்,
18.5.1937

சந்தியோகு ஸ்ரூடியோ உரிமையாளர் அவர்களுக்கு,
யாழ்ப்பாணம்.

ஐயா,

நான் புத்தூரைச் சேர்ந்தவள். பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். சென்ற வாரம் திங்கட்கிழமை என் தமையன் மார்க்கண்டு, கறுப்புக் கடதாசி சுற்றிய கண்ணாடித் தகடு ஒன்றை உங்கள் ஸ்ரூடியோவில் கழுவக் கொடுத்தார். நேற்று அது திரும்பி வந்தது.

தகடு நன்றாகவே கழுவப்பட்டிருக்கிறது. நட்சத்திரங்கள் ஊசி குத்தியதுபோல் விழுந்திருக்கின்றன. ஆனால் எதற்காக அந்தத் தகட்டை வானத்துக்குக் காட்டினேனோ அது மட்டும் அதில் இல்லை. தகட்டின் நடுவில் ஒரு பயறு அளவு இடம் கத்தியால் வழித்து எடுக்கப்பட்டிருக்கிறது. பூதக்கண்ணாடியில் கத்தி போன தடம் தெரிகிறது. வெகு நேர்த்தியான தடம். கைதவறிப் பட்ட கீறல் அல்ல.

அது அழுக்கு அல்ல, ஐயா. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் மரீசி என்றொரு நட்சத்திரம் உண்டு. அதற்கு அருகில் உள்ள சுருள் நெபுலா அது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நான் என் கையாலேயே கண்ணாடி தேய்த்து ஒரு தொலைநோக்கி செய்தேன். அதற்கு ஒன்றரை வருடம் சென்றது. அதில் தகட்டைப் பூட்டி, இரண்டு இரவுகளில் மூன்று மணி நேரம் கண்ணை எடுக்காமல் இருந்து அந்த வெளிச்சத்தைச் சேர்த்தேன். அதை உங்கள் ஸ்ரூடியோவில் ஒருவர் ஐந்து நிமிடத்தில் இல்லாமல் செய்துவிட்டார்.

இதைச் செய்தவர் யார், ஏன் செய்தார் என்பது எனக்கு எழுத்தில் தெரியவேண்டும்.

இங்ஙனம்,
க. அருமைநாயகி


சேசு மரி சூசை

குருநகர்,
21.5.1937

மதிப்புக்குரிய அருமைநாயகி ரீச்சர் அவர்களுக்கு,

ஸ்ரூடியோ என் அண்ணை சந்தியோகுவுடையது. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு என் மேசையில் போட்டார். "உது உன்ரை கைவேலை. நீயே பதில் எழுது" என்றார். வழித்தது நான்தான். என் பெயர் பெர்னடெட். பதினொரு வருடமாகத் தகடு திருத்துகிறேன்.

தகட்டில் கறுப்பாக இருப்பது கடதாசியில் வெள்ளையாக வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மணவாட்டியின் கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் அதன் நிழலைப் பென்சிலால் நிரப்புவேன். மணவாளனின் நெற்றியில் வியர்வை மினுங்கினால் அது தகட்டில் கறுப்புப் பொட்டாகக் கிடக்கும். அதைக் கத்தியால் வழிப்பேன். ஆட்கள் தங்கள் முகத்தை எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ அப்படி ஆக்கிக் கொடுப்பதுதான் என் வேலை.

உங்கள் பெட்டியில் "நட்சத்திரப் படம், கவனம்" என்று எழுதியிருந்தது. நட்சத்திரம் என்றால் புள்ளி. புள்ளிகளைத் தொடவில்லை. நடுவில் புகை பிடித்ததுபோல் ஒரு கறை கிடந்தது. கவனம் என்று எழுதியிருந்ததால் இன்னும் கவனமாக வழித்தேன். சாட்டுச் சொல்லவில்லை ரீச்சர், நடந்ததைச் சொல்கிறேன்.

நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கத்தி வைக்க முன் என் கை ஒருதரம் நின்றது. விரல் பட்ட கறை என்றால் ரேகை இருக்கும். மருந்து சிந்திய கறை என்றால் ஓரம் இருக்கும். இதற்கு இரண்டும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில் மயிர் சுழித்திருக்குமே, அப்படிச் சுழித்துக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து இரண்டு கைகள் புறப்பட்டு ஒன்றையொன்று துரத்துவதுபோல் வளைந்து ஓடின. ஒரு கையின் நுனியில் சின்னதாய் ஒரு முடிச்சு. வடிவாய்த்தான் இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு வழித்தேன். அதுதான் இரண்டு நாளாய் என்னைச் சுடுகிறது.

ஒருதரம் உற்றுப் பார்த்த முகம் எனக்கு மறக்காது. அதை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். தகட்டைத் திருப்பித் தர என்னால் முடியாது. கண்டதைத் தரலாம்.

மன்னிக்கவும்.

பெர்னடெட்


சிவமயம்

புத்தூர்,
28.5.1937

பெர்னடெட் அவர்களுக்கு,

உங்கள் படம் கிடைத்தது. பதில் எழுத ஒரு வாரம் ஆனதற்குக் காரணம் உண்டு.

எங்கள் பாடசாலை அலுமாரியில் பழைய ஆங்கில நூல் ஒன்று இருக்கிறது. மேல்நாட்டில் ஒரு பெரிய தொலைநோக்கியால் பார்த்து வரைந்த இதே நெபுலாவின் படம் அதில் உண்டு. இரண்டு கைகள், ஒன்றின் நுனியில் முடிச்சு. உங்கள் படமும் அதுவும் ஒன்றுதான். உண்மையைச் சொல்கிறேன்: முதலில் நான் உங்களைச் சந்தேகித்தேன். அந்த நூலை எங்கேயோ கண்டு பார்த்து வரைந்து என்னைச் சமாதானப்படுத்துகிறீர்களோ என்று எண்ணினேன்.

பிறகு, கைக்கு வெளியே நீங்கள் வைத்திருந்த இரண்டு சிறு புள்ளிகளைக் கவனித்தேன். அவை அந்த நூலில் இல்லை. என் தகட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் வழித்த இடத்தின் ஓரத்தை ஒட்டி, நீங்கள் வரைந்த அதே தூரத்தில், அதே சாய்வில், இரண்டும் இருக்கின்றன. அளவுகோல் வைத்து அளந்தேன். பிசகு இல்லை.

தொலைநோக்கியில் என் கண்ணுக்கு அது இரண்டு மங்கல் பொட்டாகத்தான் தெரியும். சுருளை நான் ஒருநாளும் கண்டதில்லை. தகட்டில் காண்பேன் என்றுதான் இருந்தேன். என் தொலைநோக்கி பிடித்த சுருளைக் கண்டவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். என் கண்ணாடி நல்ல கண்ணாடி என்பதற்கும் நீங்கள்தான் சாட்சி.

முதல் கடிதத்தின் தொனிக்காக வருந்துகிறேன்.

வருகிற அமாவாசைக்கு இன்னொரு முயற்சி செய்ய இருக்கிறேன். என்னிடம் இன்னும் இரண்டு தகடுகள் உண்டு. முன்னொரு தகட்டை வீட்டில் நானே கழுவப் போய், அதன் மேலிருந்த பூச்சு இளகிக் கண்ணாடியை விட்டுக் கழன்றுவிட்டது. இந்த வெக்கையில் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

க. அருமைநாயகி


சேசு மரி சூசை

குருநகர்,
2.6.1937

அன்புள்ள ரீச்சர் அவர்களுக்கு,

இரண்டு புள்ளியையும் அளந்து பார்த்தீர்கள் என்று வாசித்தபோது அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். என் வேலையை ஒருவரும் இதுவரை அளந்து பார்த்ததில்லை. என் வேலை நல்லதென்றால் அது இருப்பதே தெரியக்கூடாது.

தகடு கழுவ இருட்டுக் கலையும் முன் உள்ள நேரம்தான் நல்லது. தண்ணீரை முதல் நாள் பின்னேரமே மண்பானையில் வார்த்து, ஈரச் சாக்கைச் சுற்றி, காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். கழுவுகிற தண்ணீரில் படிகாரம் கொஞ்சம் கரையுங்கள், பூச்சு இறுகும். விளக்குக்குச் சிவப்புச் சீலை இரண்டு மடிப்பாகச் சுற்ற வேண்டும். தகட்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். அவசரப்பட்டு எடுத்துப் பார்க்க வேண்டாம். பார்க்கப் பார்க்கப் பழுதாகும்.

எனக்கு ஒரு கேள்வி. நான் வழித்தது என்ன? நெபுலா என்று எழுதினீர்கள். அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எப்படி மூன்று மணி நேரம் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அண்ணையிடம் கேட்டேன். "ரீச்சர்மாருக்கு வேலை இல்லை" என்றார். அது பதில் இல்லைத்தானே?

பெர்னடெட்


சிவமயம்

புத்தூர்,
17.6.1937

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

நீர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர் என்று உமது எழுத்தில் தெரிகிறது. இனி நீர் என்றே எழுதுகிறேன்.

தகடு இரண்டும் பழுதாகிவிட்டன. கழுவியதில் குற்றமில்லை, நீர் சொன்னபடியே செய்தேன், பூச்சு அசையவில்லை. சோழகக் காற்றுத்தான் கெடுத்தது. பனை வடலிகளைத் தாண்டி வந்து குழாயில் மோதிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு வால் வைத்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த பங்குனி வரைக்கும் பொறுக்க வேண்டும்.

உமது கேள்விகளுக்கு வருகிறேன். நாங்கள் இரவில் காணும் பால்வீதி ஒரு பெரிய நட்சத்திரக் கூட்டம். அதற்குள் இருந்துகொண்டு பார்ப்பதால் எங்களுக்கு அதன் உருவம் தெரிவதில்லை. நீர் வழித்தது அப்படியான இன்னொரு கூட்டம், எங்களுடையதற்கு வெகு அப்பால். அங்கிருந்து புறப்படும் வெளிச்சம் இங்கு வந்து சேர இலட்சக்கணக்கான வருடங்கள் செல்லும் என்று நூல்கள் சொல்கின்றன. கோடி கோடி சூரியன்கள் தூரத்தால் ஒரு புகையாகிவிட்டன. நாங்கள் வெளியே நின்று அதைப் பார்க்கிறோம். எங்கள் கூட்டத்தையும் அங்கிருந்து யாராவது பார்த்தால் இப்படி ஒரு சுழியாகத்தான் தெரியுமோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

தொலைநோக்கியின் கண்ணாடி, பருத்தித்துறையில் உடைத்த ஒரு கப்பலின் வட்ட யன்னலுக்குரியது. எட்டு அங்குல அகலம். குருந்தக்கல் பொடி போட்டு, இன்னொரு கண்ணாடியின் மேல் வைத்துத் தேய்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் இரண்டு மணி நேரம். மார்க்கண்டு அண்ணை தோட்டத்திலிருந்து வந்து பார்ப்பார். "அரைச்சது போதும் பிள்ளை, இனிக் கறியிலை போடு" என்பார்.

வானம் நகர்வதால் குழாயும் அதோடு நகர வேண்டும். ஒரு தகரத்திலிருந்து மணல் கசியக் கசியப் பாரமொன்று இறங்கும். அந்த இழுவையில் குழாய் திரும்பும். மணல் சீராக ஓடாது. ஆகவே பக்கத்தில் கட்டிய சிறு குழாயில் ஒரு நட்சத்திரத்தைச் சிலந்தி இழையின் குறுக்கில் வைத்து, அது விலக விலக ஒரு திருகால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மணி நேரமும் அதுதான் வேலை. இரண்டாவது மணி நேரத்தில் என் கை நடுங்கத் தொடங்கும். அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

பங்குனி அமாவாசைக்கு நீர் இங்கு வந்து தகட்டை உடனேயே கழுவித் தர முடியுமா? கேட்பது அதிகம் என்று தெரியும்.

அன்புடன்,
அருமைநாயகி


சேசு மரி சூசை

குருநகர்,
24.3.1938

அன்புள்ள ரீச்சர் அவர்களுக்கு,

வருகிற வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். அம்மா செபஸ்தியம்மாவும் கூட வருகிறார். தவக்காலத்தில் எங்கள் பக்கத்தில் கலியாணம் இல்லை, பங்குனியில் உங்கள் பக்கத்தில் இல்லை. என் மேசை வெறுமையாகக் கிடக்கிறது. அண்ணைக்குத் தடுக்க ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. "ஆக்களைக் கழுவினது போதாதெண்டு இப்ப வானத்தைக் கழுவப் போறா" என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறார். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது என்று அம்மா சொல்கிறார்.

சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். தவக்காலத்தில் நாங்களும் மரக்கறிதான். மருந்துகளும் தட்டுகளும் சிவப்புச் சீலையும் கொண்டு வருகிறேன்.

ஒரு ஆசை. அந்தச் சிலந்தி இழையை ஒருதரம் பார்க்க விடுவீர்களா?

பெர்னடெட்


சிவமயம்

புத்தூர்,
7.4.1938

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

நீர் போன பிறகு இரண்டு தகட்டையும் நாள்தோறும் எடுத்துப் பார்க்கிறேன். முதல் இரவு நான் பிடித்தது. இரண்டாம் இரவு நீர் பிடித்தது. என்னுடையதில் நட்சத்திரங்கள் முட்டை வடிவம். உம்முடையதில் வட்டம். தகட்டின் ஓரம் வரைக்கும் வட்டம்.

அந்த இரண்டாம் இரவை எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு மணி நேரத்திலேயே என் விரல்கள் பிடித்துக்கொண்டன. தகட்டை மூடி எழும்பினேன். "ரீச்சர், இந்தத் தகடு வேண்டாம், புதுசு ஒண்டு போடுங்கோ. நான் இருந்து பாக்கிறன்" என்று நீர் சொன்னீர். பொழுதுபோக்குக்குக் கேட்கிறீர் என்று நினைத்தேன். நீர் உட்கார்ந்தீர். திருகைத் தொடும்போது நீர் மூச்சை நிறுத்துவதைக் கண்டேன். அரைப் பென்சில் கோட்டளவு திருப்பி, விட்டுவிட்டு, காத்திருந்தீர். மூன்று மணி நேரம் நான் மணல் தகரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உமது அம்மா பாயில் படுத்திருந்து, "பிள்ளை, உயிரோடைதானே இருக்கிறாய்?" என்று கேட்டபோதும் நீர் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விடிய முன் கிணற்றில் தண்ணீர் அள்ளி நீர் கழுவியபோது அந்தச் சுழி சிவப்பு வெளிச்சத்தில் மெல்ல மெல்லக் கறுத்து வந்ததே. இரண்டு கைகளும், முடிச்சும். நீர் வரைந்து அனுப்பிய அதே முகம். மார்க்கண்டு அண்ணை தோட்டத்துக்குப் போகிற வழியில் நின்று தகட்டைப் பார்த்தார். "உது எங்கடை கிணத்தடியிலை நிண்டே எடுத்தது?" என்று மூன்று தரம் கேட்டார்.

முப்பத்தொன்பது வயதாகிறது எனக்கு. இப்படி ஒரு கையை நான் கண்டதில்லை.

கொழும்பில் உள்ள விஞ்ஞான சங்கம் ஒன்றுக்கு இந்தப் படத்தை அனுப்ப எண்ணியிருக்கிறேன்.

அன்புடன்,
அருமைநாயகி


சேசு மரி சூசை

குருநகர்,
29.6.1938

அருமைநாயகி ரீச்சர் அவர்களுக்கு,

கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையை அண்ணை நேற்றுக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். சுழி நன்றாக அச்சாகியிருக்கிறது. கீழே உங்கள் பெயர் இருக்கிறது. புத்தூர் என்று இருக்கிறது. எட்டு அங்குலக் கண்ணாடி, மூன்று மணி நேரம் என்றெல்லாம் இருக்கிறது.

"உன்ரை பேர் எங்கை?" என்று அண்ணை கேட்டார். பத்திரிகைக்காரர் தவறவிட்டிருப்பார்கள் என்று சொன்னேன். "ரீச்சர் எழுதியிருந்தால் விட்டிருக்கமாட்டினம்" என்றார்.

நான் பத்திரிகையில் வர ஆசைப்பட்டவள் அல்ல. இருப்பது தெரியாமல் வேலை செய்து பழகியவள். ஆனால் அந்த மூன்று மணி நேரமும் நான் இருந்தேன். அதை நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

பத்திரிகைக்காரர்தான் விட்டார்கள் என்றால் ஒரு வரி எழுதுங்கள். நம்புகிறேன்.

பெர்னடெட்


சிவமயம்

புத்தூர்,
3.7.1938

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

பத்திரிகைக்காரர் விட்டுவிடவில்லை. நான் எழுதவில்லை.

நீர் வந்து போன இரண்டாம் வாரம் எங்கள் பாடசாலை மனேச்சர் என்னை அழைத்தார். "வேதக்காரியைச் சைவ வீட்டுக் கிணத்திலை அள்ள விட்டு விடிய விடிய என்ன செய்தனீர்? ஊர் கதைக்குது" என்றார். படம் பிடித்தோம் என்றேன். "சைவப் பள்ளிக்கூடத்து ரீச்சர் எண்டதை மறக்கக்கூடாது" என்றார். நான் மறக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே மாதத்தில் சங்கத்துக்குப் படம் அனுப்பியபோது, படம் பிடித்தவர் யார் என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். பேனாவோடு வெகுநேரம் இருந்தேன். உமது பெயரை எழுதினால் அது அச்சாகும், மனேச்சர் வாசிப்பார், மறுபடி கேள்வி வரும் என்று பயந்தேன். என் பெயரை மட்டும் எழுதினேன். மறுநாள் அதைத் தபாலில் போட்டேன். வேலை போய்விடும் என்று எனக்கிருந்த பயம், உம்மில் எனக்கிருந்த மதிப்பைவிடப் பெரிதாகிவிட்டது. இதைவிட நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

சங்கத்துக்கு இன்று திருத்தம் எழுதிவிட்டேன். பத்திரிகை அதைப் போடுமோ தெரியாது.

ஓகஸ்ட் மாதம் இருபத்தேழாந் திகதி சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் இந்த நெபுலாவைப் பற்றிப் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள். படத்தை விளக்கு வைத்துத் திரையில் காட்ட ஒரு கண்ணாடிப் பிரதி வேண்டும். அதை உம்மிடம் கேட்க எனக்கு முகமில்லை. தகட்டை இத்துடன் மார்க்கண்டு அண்ணையிடம் கொடுத்து அனுப்புகிறேன். அது உம்முடையது. பிரதி எடுப்பதும் எடுக்காததும் உமது விருப்பம். எடுக்காவிட்டால் வெறும் திரைக்கு முன் நின்று பேசுவேன். எது நடந்தாலும் உமது பெயரைச் சொல்வேன். மனேச்சரும் வருகிறார்.

அருமைநாயகி


சேசு மரி சூசை

குருநகர்,
30.8.1938

அன்புள்ள ரீச்சர் அவர்களுக்கு,

உங்கள் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் பிரதியை மட்டும் அனுப்பியது கோபத்தால்தான். ஆனால் அந்தப் பிரதியைக் கோபத்தோடு செய்யவில்லை. ஏழு தரம் எடுத்து ஆறை எறிந்தேன்.

சனிக்கிழமை வருவதா என்று மத்தியானம் வரைக்கும் முடிவு செய்யவில்லை. விளக்குப் பிடிக்க அண்ணையைத்தான் கேட்டிருந்தார்கள். அவர் சேர்ட் மாற்றிக்கொண்டு, "நீ வராட்டி நானும் போகேல்லை" என்றார். பின்வரிசையில் அம்மாவோடு இருந்தேன். நீங்கள் எங்களைக் காணவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் பேசத் தொடங்கினீர்கள். பிறகு அண்ணை பிரதியைப் போட்டார். ஆளுயரத்துக்கு அந்தச் சுழி திரையில் எழும்பியதும் மண்டபத்தில் இருமல் கூட நின்றுபோனது. நானே பயந்துபோனேன், ரீச்சர். பயறளவு இருந்த பொருள் அது. அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "இதைப் பிடித்த கை என்னுடையதல்ல. குருநகர்ப் பெர்னடெட்டினுடையது. பத்திரிகையில் அந்தப் பெயர் வராததற்கு நான்தான் காரணம். அச்சத்தால் மறைத்தேன்." முன்வரிசையில் உங்கள் மனேச்சர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னதை நான் கண்டேன்.

பிறகு ஒரு பெரியவர் எழும்பி, நுனியில் உள்ள முடிச்சு என்னவென்று கேட்டார். "என் தகட்டில் அதை முதலில் கண்டவர் அவர்தான், வந்திருந்தால் அவரே சொல்லட்டும்" என்றீர்கள். அம்மா முழங்கையால் குத்தினார். "எழும்பன் பிள்ளை!"

எழும்பினேன். "அதுவும் இன்னொரு நட்சத்திரக் கூட்டமாம். ரெண்டும் கிட்டக் கிட்ட நிக்குது. ஏனெண்டு எனக்குத் தெரியாது. நான் கண்டதை மட்டும் சொல்லலாம். அந்த முடிச்சிலை ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் கூர்மை" என்றேன். அவ்வளவுதான். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணை முன்னால் போனார். கோயிலடியில் வந்து, "நாளைக்கு உன்ரை மேசைக்கு நல்ல பூதக்கண்ணாடி ஒண்டு எடுப்பம்" என்றார்.

வாங்கித் தந்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம் நீளுகிறது. புதுக் கண்ணாடியால் தகட்டின் ஓரம் முழுவதையும் பார்த்தேன். சுழிக்குத் தெற்குப் பக்கமாக ஐந்து சின்ன மங்கல்கள் இருக்கின்றன. மணல் அளவு கூட இல்லை. தூசி என்றால் ஓரம் கூராக இருக்கும். நட்சத்திரம் என்றால் வட்டமாக இருக்கும். இவை இரண்டும் இல்லை. மூன்று நீளவாக்கில் கிடக்கின்றன. நாலாவது மிக மெல்லியது. ஐந்தாவது இருக்கிறது என்று சொல்லவே பயமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது. இடங்களைக் குறித்து வரைந்து வைத்திருக்கிறேன்.

இவையும் கூட்டங்களா, ரீச்சர்?

அன்புடன்,
பெர்னடெட்


சிவமயம்

புத்தூர்,
24.3.1939

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

சந்தியோகுவுக்குக் காய்ச்சல் என்றும் ஸ்ரூடியோவை நீரே பார்க்க வேண்டியிருப்பதால் இம்முறை வரமுடியாது என்றும் எழுதியிருந்தீர். அவருக்குச் சுகமாகட்டும். தகடு பிடிப்பதை நீர் வரும்வரை ஒத்தி வைத்துவிட்டேன். ஆனால் உமது ஐந்து மங்கல்களையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வானத்தின் அந்தப் பகுதி மறுபடி உயர்ந்து வர ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்தேன்.

அதற்கு முன் இங்குள்ள செய்தி. மனேச்சர் எழுத்தில் விளக்கம் கேட்டார் என்று முன்பே எழுதினேன். மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்: அவர் வந்தார், தண்ணீர் அள்ளினார், இனியும் வருவார். ஏழு மாதமாகப் பதில் இல்லை. சம்பள உயர்வும் இல்லை. வேலை இருக்கிறது. ஊரில் சிலர் எங்கள் கிணற்றைப் பற்றி இன்னும் கதைக்கிறார்கள். போன மாதம் ஒருவர் மார்க்கண்டு அண்ணையிடமே நேரில் கேட்டுவிட்டார். அண்ணை கிணற்றுத் துலாவைக்கூட விடாமல், "அந்தப் பிள்ளை அள்ளின தண்ணியாலைதான் புத்தூரின்ரை பேர் கொழும்புப் பேப்பரிலை வந்தது. நீ இவ்வளவு காலமும் அள்ளி என்ன வந்தது?" என்று கேட்டாராம். கேட்டவர் இப்போது வேறு பாதையால் தோட்டத்துக்குப் போகிறார்.

இனி மங்கல்கள். அமாவாசையை ஒட்டி நாலு இரவுகள் பார்த்தேன். முதல் மூன்றும் நீர் குறித்த இடத்திலேயே இருக்கின்றன. நீர் சொன்னபடி நீளவாக்கில். ஆம், அவையும் கூட்டங்கள்தான். வெகு வெகு தூரத்துக் கூட்டங்கள். நாலாவது, நேரே பார்த்தால் மறைகிறது. கண்ணைச் சற்று விலக்கினால் வருகிறது. மூன்றாம் இரவில் நிச்சயமாகக் கண்டேன். கண்டபோது வாய்விட்டு உம்மைக் கூப்பிட்டேன். மார்க்கண்டு அண்ணை எழும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தாவதை நாலு இரவும் தேடினேன். என் கண்ணுக்கு அது தெரியவில்லை. புதிய தகடு ஒன்று பிடித்தால் நிச்சயமாகிவிடும். அதுவரை பொறுப்பதுதான் முறை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன், நிறுவாத எதையும் எழுதாதே என்று.

என் அவதானிப்புக் கொப்பியில் ஐந்து வரி போட்டேன். முதல் நாலுக்கும் எதிரே திகதியும் நேரமும் என் பெயரும் எழுதினேன். ஐந்தாவதற்கு எதிரே எழுதியது இதுதான்: "நான் காணவில்லை. பெர்னடெட் கண்டார். இருக்கிறது."

அன்புடன்,
அருமைநாயகி